ஸ்பெல்லிங் ஐயா

சுங்கைப்பட்டாணி, பீடோங், கூலிம் பக்கம் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் ஒரு ஸ்பெல்லிங் ஐயா இருப்பார். தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயத்து வீடுகளை இடித்தார்கள், சனமெல்லாம் மலிவுவிலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. அவர் மட்டும் தோட்டத்து ஆபீசைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை. இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நீலம், தான் எழுத. சிவப்பு, மற்றவர்கள் எழுதியதைத் திருத்த. சிவப்புதான் முதலில் தீரும்.

காலையில் ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு உட்கார்ந்து ஆங்கிலப் பேப்பரை விரித்திருப்பார். படிக்கிறார் என்று நினைத்துவிடக் கூடாது. பிழை பொறுக்குகிறார். 2020 பிப்ரவரியில் நாட்டில் அரசாங்கமே கவிழ்ந்தது. அடுத்த பிரதமர் யார் என்று கடையே அலறிக்கொண்டிருந்தபோது ஐயா ஒரு விளம்பரத்தைக் காட்டி, "பிப்ரவரியில முதல் ஆர் விழுந்துபோச்சு, பார்த்தியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைப் பலகையிலும் ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது. ஃப்ரைட் ரைஸ் என்று எழுதப் போன இடத்தில் ஆரும் ஐயும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. "தம்பி, இது பொரிச்ச சோறு இல்ல, வேலையைவிட்டு நிறுத்தின சோறு" என்பார். "சாப்பிட்டவங்க யாரும் கம்ப்ளைன் பண்ணலையே ஐயா" என்பான் கடைப் பையன். பலகை அப்படியேதான் தொங்குகிறது. ஐயாவும் தினமும் அதற்கு நேர் எதிர் நாற்காலியைத்தான் தேடிப் பிடிக்கிறார்.

ஒரு காலத்தில் கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவரிடம் காட்டுவார்கள். 'இன்விடேஷ'னில் தொடங்கி மாப்பிள்ளையின் படிப்பு வரைக்கும் அவர் திருத்தி முடிப்பதற்குள் நல்ல நேரமே போய்விடும் என்பதால் இப்போது அச்சான பிறகுதான் தருகிறார்கள். அவர் விடுவாரா? மண்டபத்தில் மொய்க் கவரைப் பிரித்தால் ஐம்பது வெள்ளியும் இருக்கும், திருத்திய பத்திரிகையும் இருக்கும்.

"எங்கே படிச்சீங்க ஐயா?" என்று புதியவர் யாராவது கேட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குப் பொழுது இனிக்கும். "ஹார்வர்டு" என்று சொல்லிவிட்டு நிறுத்துவார். எதிராளியின் கண் விரிந்த பிறகுதான், "மூணாவது பிரிவு, தமிழ்ப்பள்ளி" என்பார். உலகத்துக்கு ஹார்வர்டு ஒரு பல்கலைக்கழகம். பீடோங்காரர்களுக்கு அது ஒரு தோட்டம். ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரிவுக்கொரு தமிழ்ப்பள்ளி. கூலிம் பக்கம் போனால் டப்ளின் தோட்டமும் உண்டு. ஸ்காபரோ தோட்டத்தின் பெயரை மட்டும் ஐயா மன்னிப்பதில்லை. சீமையில் அந்த ஊருக்குக் கடைசியில் யூ, ஜி, எச் என்று மூன்று எழுத்து வால் உண்டாம். கப்பலேறி வரும்போது வாலை அறுத்துவிட்டார்களாம். அந்த வால் இருந்திருந்தால் தோட்டத்துச் சனம் எத்தனை தலைமுறை அதோடு மல்லுக்கட்டியிருக்கும் என்று நினைத்தால் அறுத்தவனுக்கு ஒரு மாலை போடலாம் என்று எனக்குத் தோன்றும். ஐயாவிடம் சொன்னதில்லை.

ஆறாம் வகுப்புவரை தோட்டத்தில், பிறகு பட்டணத்தில் ஒரு வருஷம் ரிமூவ் கிளாஸ், அப்புறம் இங்கிலீஷ் ஸ்கூல், கடைசியில் சீனியர் கேம்பிரிட்ஜ். வாரா வாரம் டிக்டேஷன். பிழை ஒன்றுக்கு ரோத்தான் ஒன்று. 'நெசஸரி'க்கு ஒரு சி, இரண்டு எஸ் என்பதை அவர் மூளை மறந்தாலும் உள்ளங்கை மறக்காது. 1970-இல் முதலாம் வகுப்பிலிருந்து இங்கிலீஷ் ஸ்கூல்கள் வருஷத்துக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மலாயில் புலியானார்கள். பாரத்தை நிரப்ப, லோன் கேட்க, தலைவருக்கு வரவேற்பு மடல் எழுத என்று இங்கிலீஷுக்கு மட்டும் ஆள் தட்டுப்பாடு வந்தது. சரக்கு குறையக் குறைய ஐயாவின் விலை ஏறியது.

அவருடைய விதிகளைக் குறை சொல்ல முடியாது, வேலை செய்கின்றன. முதல் விதி தீம்பாரிலேயே முளைத்தது. பால் வெட்டுகிறவர் 'டேப்பர்'. அதற்கு இரண்டு பி. நன்னூல் படித்தவனுக்கு இதில் அதிசயமில்லை: கல்லோடு எறி சேர்ந்தால் கல்லெறி ஆகிறதே, தனிக்குறிலை அடுத்த ஒற்று உயிர் வந்தால் இரட்டிக்கிறதே, அதே கணக்கு. ஒரு பியை விட்டால் அது வேறு சொல்லாகி மெல்லிய மெழுகுவர்த்தியைக் குறிக்கும். புதிதாக வந்த ஒரு சின்னக் கிராணி ஒரு பியோடு ரிப்போர்ட் அனுப்ப, மழை காரணமாக இன்று அறுபது மெழுகுவர்த்திகள் வேலைக்குப் போகவில்லை என்று துரையின் மேசைக்குப் போனதாம். "துரை நல்ல மனுசன். மழையில மெழுகுவத்தி எரியாதுதானேன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டுட்டாரு" என்பார் ஐயா. தோட்டத்துக்குத் தோட்டம் துரை மாறுவார். மெழுகுவர்த்திக் கதை மாறாது.

இரண்டாவது, வேண்டுமென்றே தப்பாக வாசிப்பது. புதன்கிழமையை அவர் 'வெட்-நெஸ்-டே' என்றுதான் மனத்துக்குள் சொல்லிக்கொள்வார். கத்திக்கு இங்கிலீஷில் 'க்நைஃப்'. அண்மைக் காலமாக மனத்துக்குள் சொல்வது வாய்க்கும் வந்துவிடுகிறது. மார்க்கெட்டில் அவர் க்நைஃப் கேட்டபோது கடைக்காரர் எடுத்துக் கொடுத்தது துடைப்பம்.

மூன்றாவது, பார்ப்பது, மூடுவது, எழுதுவது, ஒப்பிடுவது. சொல்லைப் பார்த்துக்கொண்டே பத்துத் தடவை எழுதினால் கைதான் வலிக்கும். மூடி வைத்துவிட்டு ஒரு தடவை எழுதினால் மண்டையில் ஏறும். இன்றைய ஆசிரியர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஐயாவிடம் ஒரு கூடுதல் உபகரணம் உண்டு: மளிகைக் கடைகளில் கடன் எழுதுகிற 555 நோட்டு. ஒரு பக்கம் தப்பு, எதிர்ப்பக்கம் சரி, தேதியோடு. தன் பிழைகளைத் தானே எழுதி வைத்துக்கொள்வது உண்மையில் நல்ல பழக்கம்; அதற்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறார். மற்றவர்கள் பிழைக்குத்தான் ஒரு பெட்டி நிறைய. கோயில் கமிட்டித் தலைவர் பேரில் மட்டும் ஆறு பக்கம் பாக்கி, பெரும்பாலும் 'கமிட்டி' என்ற சொல்லிலேயே.

ஐக்குப் பின்னால் ஈ, சி வந்தால் தலைகீழ் என்றொரு விதியும் சொல்லித் தருவார். 'வியர்ட்', 'சீஸ்', 'ஹைட்', 'நெய்பர்' எல்லாம் அந்த விதியை மதிக்காதது ஏன் என்று கேட்டால் தேத்தண்ணி ஆறிவிடுகிறது என்பார்.

இந்தக் கோட்டைக்குள் குண்டு போட்டது பேரன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரே காலையில் மூன்று மொழி. மலாயில் காதில் விழுந்ததை எழுதிவிட்டால் பெரும்பாலும் முடிந்தது. 1972-இல் இந்தோனேசியாவோடு சேர்ந்து எழுத்துமுறையைச் சீர்செய்தபோது மிச்சமிருந்த கோணலையும் நிமிர்த்திவிட்டார்கள். ஒரு காலத்தில் 'சுங்கை'யின் கடைசி ஐக்கு முன்னால் இருந்த ஈயும் போய் ஏ வந்துவிட்டது. ஆகவே பையன் இங்கிலீஷ் பாடத்திலும் போலீசுக்கு எஸ், டாக்சிக்கு கே-எஸ், பஸ்ஸுக்கு நடுவில் ஏ என்று எழுதிக்கொண்டு வந்தான். தாத்தா பக்கத்தையே சிவக்க வைத்தார். "டாக்சியில எக்ஸ் எதுக்கு தாத்தா? ஸ்டேசன்ல எக்ஸ் இல்லாமத்தான ஓடுது?"

நல்ல கேள்வி. ஐயா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்துக்கு அச்சு எந்திரம் கொண்டுவந்தார். எழுத்து மெல்ல மெல்ல ஈயத்தில் உறைந்தது. வாய் மட்டும் உறையாமல் ஓடிக்கொண்டே இருந்தது. அதுவரைக்கும் நியாயம். அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். லத்தீன் படித்த பண்டிதர்கள் சிலர், நம் சொற்களுக்குப் பெரிய இடத்துச் சம்பந்தம் உண்டென்று காட்டுவதற்காக உச்சரிக்காத எழுத்துகளைச் செருகினார்கள். கடனைக் குறிக்கும் 'டெட்'டுக்குள் பி நுழைந்தது அப்படித்தான். 'ரெசீட்'டுக்குள் இருக்கிற பியும் (அது வேறு பி) அந்த வழியில் வந்ததே. "செக்ரோல்ல பேர் இருக்கும்டா. பெரட்டுக்கு வராது, மரத்துல உளி வைக்காது. சம்பள நாள்ல முதல் ஆளா நிக்கும்" என்றார் தாத்தா. நாற்பது வருஷம் செக்ரோல் எழுதியவர் சொன்னால் எழுத்தாவது ஆளாவது, எல்லாம் புரிந்துவிடும். பையன் அன்றிலிருந்து 'டெட்'டில் பியை மறந்ததில்லை.

உச்சரிக்காத எழுத்தால் தோட்டத்துக்கு வேறொரு நஷ்டமும் உண்டு. வயிற்றுப்போக்குக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங் எழுதத் தெரிந்தவர் டிரசரும் கிராணியும் மட்டுமே. ஆகவே லீவு கடிதங்களின்படி எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பல தலைமுறையாகக் காய்ச்சல் ஒன்றுதான் வந்திருக்கிறது.

உலகத்தில் ஐயாவுக்குப் பிடித்த செய்திகள் இரண்டு. ஒன்று 1992-இல் நடந்தது. அமெரிக்கத் துணை அதிபர் டேன் குவெயில் நியூ ஜெர்சியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய், உருளைக்கிழங்குக்குச் சரியாக ஸ்பெல்லிங் எழுதிய பையனைக் கடைசியில் ஓர் ஈ சேர்க்க வைத்தார். ஐயா இதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும்; உருளைக்கிழங்குக்காக அப்படிக் கலங்கியவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இன்னொன்று, அமெரிக்க ஸ்பெல்லிங் போட்டி. 1985-இல் பாலு நடராஜன் என்ற பையன் வென்றதிலிருந்து அங்கே நம் வம்சாவளிப் பிள்ளைகள் கொடி நாட்டுகிறார்கள். 2019-இல் எட்டுப் பேர் சேர்ந்து வென்றதில் ஏழு பேர் இந்திய வம்சாவளி. பெருமைதான். "ஆனா அவங்க கலருக்கு யூ போட மாட்டாங்க" என்று அரை மார்க் கழித்துக்கொள்வார்.

உள்ளூர்ச் சரித்திரத்தையும் அவர் ஸ்பெல்லிங்கால்தான் அளப்பார். 1698-இல் கேப்டன் கிட் பிடித்த கப்பலின் பெயரில் நம் கெடா இருக்கிறது. அதை வெள்ளைக்காரன் கியூ-யூ-ஈ-டி-ஏ-ஜி-எச் என்று எழுதி வைத்தான். கிட்டை 1701-இல் லண்டனில் தூக்கில் போட்டது கடற்கொள்ளைக்கும் கொலைக்கும் என்று புத்தகங்கள் சொல்கின்றன. ஐயாவின் முகத்தைப் பார்த்தால் அந்த ஸ்பெல்லிங்குக்கே போட்டிருக்கலாம் என்று இருக்கும். அலோர் ஸ்டார் விவகாரம் இதைவிட மோசம். 2003-இல் மாநகரான அன்று பெயரின் நடுவில் இருந்த ஈயை எடுத்தார்கள். 2009-இல் திரும்பப் போட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் அவர் அங்கிருக்கும் சம்பந்திக்குக் கடிதமே எழுதவில்லை. போனில் பேசிக்கொண்டார். போனில் ஸ்பெல்லிங் கிடையாது.

இவ்வளவு பேசுகிற மனிதரின் பெயரே தப்பு.

அந்தக் காலத்தில் தோட்டத்துப் பிறப்புகளைப் பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் பதிவார்கள். அப்பா சொல்லுவார், கார்ப்பரல் காதில் விழுந்ததை எழுதுவார். லட்சுமிகள் எல்லாம் எல்-ஈ-டி-சி-எச்-யூ-எம்-ஒய் ஆனது இப்படித்தான். ஊர்ப்பட்ட அறிஞர்கள் இதைக் கிண்டல் செய்வதுண்டு. ஐயா செய்ய மாட்டார். லயத்தில் அன்றைக்கு யார் லட்சுமி என்று கூப்பிட்டார்கள்? 'லெச்சுமி' என்றுதானே. கார்ப்பரலின் இங்கிலீஷ் எப்படியோ, காது சுத்தம்.

ஆனால் ஒரே காது தினமும் டூட்டியில் இருப்பதில்லை. ஐயாவின் தகப்பனார் பெயர் ஒன்றுதான். அண்ணனின் பிறப்புச் சூராட்டில் அதற்கு இரண்டு எஸ். ஐயாவுடையதில் எஸ்ஸே இல்லை. தங்கச்சியுடையதில் எஸ் இருந்த இடத்தில் சியும் எச்சும் நிற்கின்றன. பெரியவர் இறந்து சேமநிதிப் பணத்துக்குப் போனபோது, இந்த மூன்று அப்பாக்களும் ஒரே அப்பாதான் என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வரைவை எழுதியவர் ஐயா. மூன்று தப்பையும் ஒரு புள்ளி பிசகாமல் எழுதினார். அவர் வாழ்நாளில் திருத்தாமல் விட்ட ஒரே தாள் அது.

தன் பெயர் விஷயத்திலும் அப்படித்தான். அடையாள அட்டை, பேங்க், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் அந்தக் கார்ப்பரலின் ஸ்பெல்லிங். ஒரு பள்ளிப் பரிசளிப்பு விழாவில் விவரம் தெரிந்த இளம் ஆசிரியை ஒருவர் பேனரில் அவர் பெயரை இலக்கணசுத்தமாகப் போட்டுவிட்டார். ஐயா மேடை ஏறவில்லை. "அது வேற யாரோ. அவரு வந்ததும் கூப்பிடுங்க" என்று கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்.

போன வருஷம் பேத்தி பிறந்தாள். தமிழில் நாலெழுத்துப் பெயர். மகன் எண்கணிதக்காரரிடம் போய் வாங்கிவந்த தாளில் அதுவே இங்கிலீஷில் பதினோரு எழுத்தாகியிருந்தது. நடுவில் இரண்டு எச்.

"இந்த எச் எதுக்குப்பா?"

"கூட்டுனா அஞ்சு வரணும்ப்பா."

"அந்த இன்னொரு எச்?"

"அது இல்லாட்டி ஒன்பதுதான் வருது."

விதி ஒன்றும் இல்லை, விலக்கும் இல்லை, லத்தீனும் இல்லை. ஐயா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மருமகளோடு பதிவிலாகாவுக்கு அவரே கிளம்பினார். பாரத்தை வேறு யார் கையிலும் விடவில்லை. கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் தாளைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள். "எச் டுவா கா, அங்கிள்?"

"டுவா" என்றார் ஐயா. திரையில் ஏறிய ஒவ்வோர் எழுத்தையும் விரலால் தொட்டு எண்ணி, சரியென்று தலையாட்டினார்.

கார் நிறுத்தத்துக்கு வந்ததும் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து மருமகளிடம் நீட்டினார். "சூராட்டைப் பார்க்காம பிள்ளை பேரை எழுதும்மா." அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். ஓர் எச் குறைந்தது.

"பார்த்து, மூடி, இன்னொரு தடவை எழுது" என்றார். "அப்புறம் வண்டியை எடுக்கலாம்."