வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர், அட்டையில் இன்னொரு பெயர்

வாசகர், அருப்புக்கோட்டை: எழுத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த எழுத்தாளர் தமிழில் உண்டா?

நம்பியவர்கள் நிறையப் பேர். வாழ்ந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். புதுமைப்பித்தனை எடுத்துக்கொள்ளுங்கள். தாசில்தார் மகன், பி.ஏ. பட்டதாரி. சர்க்கார் உத்தியோகத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தும் பத்திரிகைக்கு வந்தார். 'மணிக்கொடி', 'ஊழியன்', 'தினமணி', 'தினசரி' என்று மேசைகள் மாறின. வாடகைக் கவலை மட்டும் மாறவில்லை. கடைசியில் சினிமா. சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்கிக் கைப்பணத்தை இழந்தார். 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனேவுக்குப் போனவரைக் காசநோய் படுக்கையில் தள்ளியது. 1948-ல் திருவனந்தபுரத்தில் இறந்தபோது வயது 42. மனைவி கமலாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற பெயரில் நூலாகக் கிடைக்கின்றன. கதைகளைப் படித்துவிட்டு அந்தக் கடிதங்களைப் படியுங்கள். பணம் அனுப்ப முடியாத ஒரு கணவனின் தவிப்பு அதில் இருக்கிறது.

வாசகி, ஸ்ரீரங்கம்: எங்கள் ஊர்க்காரர் ரங்கராஜன், 'சுஜாதா' ஆனது மனைவி மேல் உள்ள பிரியத்தாலா?

பிரியம் இருந்திருக்கும். ஆனால் காரணம் இன்னொரு ரங்கராஜன்! 'குமுத'த்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாம் என்று மனைவியின் பெயர் அட்டைக்கு வந்தது. ரங்கராஜன் என்ற பெயர் பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் வருகைப் பதிவேட்டிலேயே தங்கிவிட்டது.

பகலில் அங்கே பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் முக்கியப் பங்கு அவருக்கு உண்டு. இரவில் அவர் கதைகளில் வரும் வக்கீல்கள் கணேஷ், வசந்த். இந்த இரண்டும் வேறு வேறு என்று நான் நினைக்கவில்லை. சர்க்யூட்டில் தேவையில்லாத ஓர் உறுப்பு இருந்தால் பொறியாளர் எடுத்துவிடுவார். அவருடைய வாக்கியத்திலும் தேவையில்லாத சொல் இருக்காது. 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ ஓர் இயந்திர நாய். அதன் மேல் வாசகர்களுக்குப் பாசம் வந்ததென்றால், இயந்திரங்களோடு நாள் முழுக்கப் பழகிய ஒருவர் அதை எழுதினார் என்பதும் ஒரு காரணம்.

வாசகர், கும்பகோணம்: 'பொன்னியின் செல்வ'னில் எது சரித்திரம், எது கற்பனை? ஒரே வரியில் சொல்லுங்கள்.

ரவிதாசன் சரித்திரம், நந்தினி கற்பனை.

ஒரு வரி கேட்டீர்கள், ஆனால் இதை அப்படியே விட மனம் வரவில்லை. காட்டுமன்னார்கோவில் அருகே உடையார்குடிக் கோவிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உறவினர் நிலங்களைப் பறிமுதல் செய்த செய்தி அதில் வருகிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்களும் இருக்கின்றன. ஏன் கொன்றார்கள் என்பது அதில் இல்லை. கல்வெட்டு வாய்மூடிய அந்த இடத்தில்தான் கல்கி பேனாவைத் திறந்தார். 1950 முதல் 1954 வரை வாராவாரம், ஐந்து பாகம். ஓவியர் மணியத்தோடு இலங்கைக்கும் போய் இடங்களைப் பார்த்துவிட்டு வந்தவர். தொடர் முடிந்த அதே 1954-ன் டிசம்பரில் மறைந்தார். பாதியில் நின்ற 'அமரதாரா'வை அவருடைய குறிப்புகளை வைத்து மகள் ஆனந்தி முடித்தார்.

வாசகி, மன்னார்குடி: எனக்குப் படிப்பு குறைவு. கதை சொல்ல வரும், எழுத வராது. நான் எழுத்தாளர் ஆக முடியுமா?

வை.மு.கோதைநாயகியைத் தெரிந்துகொள்ளுங்கள், அம்மா. 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் கிடையாது. கதை மனசுக்குள் பொங்கியது; கை மட்டும் பழகவில்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அப்படி வந்ததுதான் 'இந்திரமோகனா' என்ற நாடகம். பிறகு தானே எழுதப் பழகினார். 1925-ல் 'ஜகன்மோகினி' பத்திரிகையை எடுத்து நடத்தத் தொடங்கி 35 வருஷம் நடத்தினார். நாவல்கள் மட்டும் 115. நடுவில் சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார்.

நாவல் படிக்கும் பெண் கெட்டுப்போவாள் என்று வீடுகளில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. அதே வீடுகளுக்குள் அவருடைய பத்திரிகை போய்க்கொண்டிருந்தது. உங்களுக்கு இன்றைக்குத் தோழிகூட வேண்டாம். கையில் இருக்கும் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். பேத்தி தட்டச்சு செய்து தருவாள். எனக்கும் அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

வாசகர், சிவகங்கை: துப்பறியும் கதை எழுதுபவர்களுக்கு அத்தனை விஷங்கள் எப்படித் தெரிகின்றன?

அகதா கிறிஸ்டி வேலையில் கற்றுக்கொண்டார். முதல் உலகப்போரின்போது, டார்க்கி நகர மருத்துவமனையின் மருந்தகத்தில் மருந்து கலந்து கொடுக்கும் வேலை. எது எத்தனை துளி போனால் மருந்து, எத்தனை துளி போனால் மரணம் என்பது அங்கே அன்றாடப் பாடம். அந்த அலமாரிக்கு நடுவேதான் முதல் நாவலை யோசித்தார். 1920-ல் அது வெளிவந்தபோது மருந்தியல்காரர்களின் பத்திரிகையே விஷயஞானத்தைப் பாராட்டியது. விமர்சகர்களின் பாராட்டைவிட அது பெரிது என்பேன். தொழில் தெரிந்தவர்கள் ஒப்புக்கொண்டார்கள் அல்லவா?

வாசகர், அதே ஊர்: அப்படியானால் நம் தேவன்?

'துப்பறியும் சாம்பு'வுக்கு விஷ ஞானம் தேவைப்படவில்லை. மனித ஞானம் போதுமானதாக இருந்தது. ஆனால் 'ஜஸ்டிஸ் ஜகந்நாதன்' படித்தீர்களா? ஒரு கொலை வழக்கு விசாரணையைச் சாட்சி சாட்சியாக நடத்திக்காட்டுகிற நாவல். 'ஆனந்த விகட'னில் ஆசிரியர் பொறுப்பையும் சுமந்துகொண்டு இதையெல்லாம் எழுதியவர் 44 வயதுக்குள் போய்விட்டார். சாம்புவோடு நிறுத்திவிடாதீர்கள்.

வாசகி, தூத்துக்குடி: எங்கள் உப்பளத்தைப் பற்றி யாராவது ஒழுங்காக எழுதியிருக்கிறார்களா?

ராஜம் கிருஷ்ணன், 'கரிப்பு மணிகள்'. உங்கள் ஊருக்கே வந்து, உப்பளத்துப் பெண்களோடு உட்கார்ந்து பேசி எழுதிய நாவல்.

இந்த அம்மாவைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குத் தீராது. முசிறியில் 1925-ல் பிறந்தார். பதினைந்து வயதில் கல்யாணம். கணவர் மின்துறைப் பொறியாளர்; அவருக்கு மாற்றல் வந்த ஊரெல்லாம் இவருக்குப் பள்ளிக்கூடம் ஆனது. நீலகிரியில் படகர் வாழ்க்கையைப் பார்த்துக் 'குறிஞ்சித்தேன்' எழுதினார். கோவா விடுதலையைப் பற்றி 'வளைக்கரம்'. மீனவர்களைப் பற்றி 'அலைவாய்க்கரையில்'. தீப்பெட்டித் தொழிலில் வேகும் பிள்ளைகளைப் பற்றிக் 'கூட்டுக்குஞ்சுகள்'. சம்பல் கொள்ளையர்களைப் பற்றி எழுதுவதற்கு அந்தப் பக்கத்துக்கே போய் வந்தார். தஞ்சைக் கூலி விவசாயிகளுக்காகப் போராடிய மணலூர் மணியம்மையை ஊரே மறந்துகொண்டிருந்தபோது, அவரை அறிந்தவர்களைத் தேடிப்பிடித்துக் கேட்டுப் 'பாதையில் பதிந்த அடிகள்' எழுதினார். அது இல்லையென்றால் மணியம்மை இன்று நமக்கு ஒரு பெயராகக்கூட மிஞ்சியிருப்பாரா என்பது சந்தேகம்.

பல்கலைக்கழகத்தின் பணம், உதவியாளர், வண்டி எதுவும் இல்லாமல், புடவை கட்டிய ஒரு குடும்பப் பெண் டவுன் பஸ்ஸில் போய்ச் செய்த கள ஆய்வு இது. அவரைப் 'பெண் எழுத்தாளர்' என்று ஒரு சின்னப் பெட்டிக்குள் போட்டு மூடியதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. கடைசிக் காலம் முதியோர் இல்லத்திலும் ஆஸ்பத்திரியிலும் கழிந்தது. 2009-ல், அவர் உயிரோடு இருக்கும்போதே, தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமை ஆக்கியது. வழக்கமாக எழுத்தாளர் இறந்த பிறகு நடப்பது. 2014-ல் மறைந்தார்.

வாசகர், ஓசூர்: இப்படி ஊர் ஊராகப் போய் விசாரித்து எழுதுவது வெளிநாட்டில் உண்டா?

செகாவ். மருத்துவர். சிறுகதைக்காக உலகமே கொண்டாடுகிற மனிதர், 1890-ல் சைபீரியா முழுவதையும் கடந்து சகலின் தீவுக்குப் போனார். நாடு கடத்தப்பட்ட கைதிகளின் தீவு அது. வண்டியிலும் படகிலும் பல வாரப் பயணம். அங்கே மூன்று மாதம் தங்கி, வீடு வீடாகப் போய், ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஆளுக்கொரு அட்டை போட்டு, பெயரும் வயதும் குடும்ப நிலையும் குறித்துக்கொண்டார். போகும்போதே நெஞ்சில் காசநோய் இருந்தது.

வாசகர், வேலூர்: புதுமைப்பித்தன், செகாவ், காஃப்கா... ஏன் எழுத்தாளர்களையே காசநோய் பிடித்தது? மேதைமைக்கும் அதற்கும் தொடர்பா?

எந்தத் தொடர்பும் இல்லை. அது எல்லோரையும் பிடித்தது; நமக்கு எழுத்தாளர்களின் பெயர் மட்டும் தெரிகிறது. ஆலைத் தொழிலாளியின் பெயரை யார் எழுதி வைத்தார்கள்? ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஜார்ஜ் ஆர்வெல்லுக்கு 1948-ல் அமெரிக்காவிலிருந்து அந்த மருந்தை வரவழைத்துக் கொடுத்தார்கள். உடம்பு ஏற்கவில்லை, தோலும் வாயும் புண்ணாகி நிறுத்த வேண்டியதாயிற்று. 1950 ஜனவரியில் இறந்தார். அதே 1948-ல்தான் நம் புதுமைப்பித்தனும் போனார். சில வருஷம் தள்ளி நோய் வந்திருந்தால் இருவரும் பிழைத்திருக்கலாம் என்று நினைக்கும்போது மனசு ஆறவில்லை. இன்று இந்த நோய்க்கு அரசு மருத்துவமனையில் இலவசமாக மருந்து தருகிறார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

வாசகர், கோவில்பட்டி: எட்டாம் வகுப்புகூடத் தாண்டாதவர் பேராசிரியர் ஆனது உண்மையா?

உங்கள் பக்கத்து இடைசெவல்காரர்தான், கி.ராஜநாராயணன்! சம்சாரி. நாற்பது வயதை ஒட்டித்தான் எழுத்துப் பக்கம் முழுசாக வந்தார். கரிசல்காட்டுச் சொற்களைத் தொகுத்து அகராதி போட்டார். பல பேராசிரியர்கள் கூடிச் செய்ய வேண்டிய வேலை. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் அவரை நாட்டார் இலக்கியத்துக்குப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது, அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெருமை. அதே இடைசெவலில் அவர் தெருவில் விளையாடி வளர்ந்த இன்னொரு பையன் கு.அழகிரிசாமி. ஒரே கிராமம், இருவருக்கும் சாகித்திய அகாதெமி விருது.

வாசகர், மேட்டூர்: ஒரே கதைக்கு இரண்டு முடிவு எழுதியவர் யார்?

ஜெயகாந்தன். 'அக்கினிப் பிரவேச'த்தில், ஒருவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் அம்மா தண்ணீரை ஊற்றி, நடந்ததைக் கழுவிவிடுகிறாள். ஊர் இரண்டுபட்டது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரைக் கூட்டியிருந்தால்? அந்தக் கேள்வியிலிருந்து 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பிறந்தது.

வாசகி, காரைக்குடி: பயண இலக்கியத்தில் ஒருவரைச் சொல்லுங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கோட்டையூரில் பிறந்த ஏ.கே.செட்டியார். 1937 அக்டோபர் 2-ஆம் தேதி, நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் அவருக்கு ஒரு யோசனை வந்தது: காந்தியைப் பற்றி ஒரு முழுநீளப் படம். காந்தி பிறந்த நாள் அது. அதற்குப் பிறகு காந்தி பதிவான படச்சுருள்களைத் தேடிக் கண்டம் கண்டமாக லட்சம் மைல் அலைந்தார். வயது முப்பதுகூட ஆகவில்லை. 1940-ல் படம் வெளிவந்தது. அந்தத் தேடலைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால், தன்னைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறார் என்பதுதான் முதலில் கண்ணில் படும். நான் கல்லூரியில் படித்த காலத்தில் நூலகத்தில் அவருடைய 'குமரி மலர்' பழைய இதழ்க் கட்டு ஒன்று கிடைத்தது. தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தவன், மூடும் மணி அடிக்கும்வரை அதை விட்டு எழவில்லை.

வாசகர், ராசிபுரம்: வங்கியில் வேலை பார்க்கிறேன். குழந்தைப் பாட்டு எழுத ஆசை. பொருந்துமா?

அழ.வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர். போதுமா?

வாசகி, திருவாரூர்: விடுதியில் தங்கிப் படிக்கிறேன். நீங்கள் சொல்லும் புத்தகங்களை வாங்கக் காசு இல்லை.

வாங்க வேண்டாம். பாரதி, கல்கி, புதுமைப்பித்தன், ராஜம் கிருஷ்ணன் எழுத்தெல்லாம் நாட்டுடைமை. உரிமைக்காரர்களுக்கு அரசு பணம் கொடுத்து உங்களுக்காகவும் எனக்காகவும் வாங்கி வைத்திருக்கிறது. மதுரைத் திட்டம் என்று இணையத்தில் தேடுங்கள். 1998-லிருந்து தன்னார்வலர்கள் ஒரு ரூபாய் வாங்காமல் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யில் தொடங்குங்கள்; திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற மருதியின் கதை. விடுதியில் விளக்கணைக்க இரண்டு மணி நேரமாவது இருக்கும்போது எடுங்கள். பாதியில் வைக்க முடியாது.