பாட்டில் வராத பூச்சி

1957இல் வந்த ‘மக்களைப் பெற்ற மகராசி’ படத்துக்கு மருதகாசி ஒரு பாட்டு எழுதினார். கே.வி. மகாதேவன் இசை, டி.எம்.எஸ். குரல். மணப்பாறை மாட்டைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்த பாட்டு. ஒரே பாட்டில் பணக்காரனாகும் வழக்கத்தைத் தமிழ் சினிமாவில் தொடங்கிவைத்தவன் அந்த விவசாயிதானோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மாட்டைக் கட்டுகிறான், உழுகிறான், தழை போடுகிறான், நடுகிறான், ஏற்றம் இறைக்கிறான், அறுக்கிறான், சந்தையில் விற்றுக் காசை எண்ணுகிறான். ஓர் இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது. நட்டதற்கும் அறுத்ததற்கும் நடுவில் அவன் வயலில் ஒரு பூச்சிகூட இறங்கவில்லை. குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டி, புகையான் எல்லோரும் அன்று மொத்தமாக விடுப்பு போல!

விட்டுப்போன அந்தச் சரணத்தைக் கொஞ்சம் பார்ப்போம். கதை ஒரு சட்டையில் ஆரம்பிக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்குச் சிவப்புக் கோட்டு என்றால் உயிர். அந்தச் சிவப்பு, கள்ளியில் ஒட்டி வாழும் கோச்சினியல் என்ற பூச்சியை நசுக்கி எடுக்கும் சாயம். பூச்சியோ மெக்சிகோவில் ஸ்பெயின்காரன் பிடியில். ஊரான் நாட்டையெல்லாம் வளைத்துப் போட்டவன், தன் சட்டைக்குச் சாயம் வாங்கப் பகையாளி வாசலில் நிற்பதென்றால் மானப் பிரச்சினை அல்லவா?

மெட்ராஸில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்று ஒரு டாக்டர் இருந்தார். நாடி பார்த்த நேரம் போக மீதியைப் புல்பூண்டு பார்க்கச் செலவிட்டவர். 1786 வாக்கில், உள்ளூர்ப் புல்லிலேயே அந்தப் பூச்சி இருக்கிறது என்று கண்டுபிடித்து, லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதித் தள்ளினார். அது வேறு பூச்சி. மனிதர் அசரவில்லை. விருந்தாளி வருவதற்குள் இலை போட்டு வைப்பதைப் போல, சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் ஒன்றே போட்டுவிட்டார்.

1795இல் விருந்தாளியும் வந்தது. கேப்டன் நீல்சன் என்பவர் கப்பல் போகிற வழியில் பிரேசிலின் ரியோவில் இறங்கி, கள்ளியும் பூச்சியுமாகக் கொஞ்சம் அள்ளிக் கல்கத்தாவில் சேர்த்தார். ஆனால் அது அசல் இல்லை, சாயம் குறைந்த காட்டு ஜாதி. தின்றது, பெருகியது, மறுபடியும் தின்றது. கம்பெனியின் சாயம் வெளுத்தது.

இங்கேதான் வேடிக்கை. சாயம் தராவிட்டாலும், அது போன இடமெல்லாம் கள்ளி காலியாவதைச் சிலர் கவனித்தார்கள். கணக்கு எழுத வைத்த ஆள் களையெடுப்பதில் கெட்டிக்காரனாக இருந்தால் விடுவார்களா? 1860களில் அதைக் கள்ளி ஒழிக்கவென்றே தெற்கே கொண்டுவந்து விட்டார்கள். ஒரு களையை வெளிநாட்டுப் பூச்சியை விட்டுத் தின்னவைத்த முதல் வேலைகளில் ஒன்று இது. உலகப் பாடப்புத்தகங்களில் இன்றைக்கும் இந்தக் கதை வருகிறது. ஆரம்பத்திலிருந்தே திட்டம் போட்டுச் செய்ததுபோல அங்கே எழுதியிருப்பார்கள். நீங்கள் நம்ப வேண்டாம்.

பூச்சிக்கு நாக்கு நீளம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு ஜாதிக் கள்ளியை ஒட்டத் தின்றது, இன்னொரு ஜாதியைத் திரும்பியும் பார்க்கவில்லை. சாம்பாரைத் தொட்டு ரசத்தை ஒதுக்கும் புது மாப்பிள்ளை! அந்த இன்னொரு ஜாதிதான் வேலிக்கு வைத்து, வேலி தாண்டி, வானம் பார்த்த பூமியையெல்லாம் பட்டா போட்டுக்கொண்ட சப்பாத்திக்கள்ளி. அதற்கென்று தனி ஆள் வேண்டியிருந்தது. 1926இல் இலங்கையிலிருந்து டாக்டிலோபியஸ் ஒபன்சியே என்ற பங்காளிப் பூச்சி வந்தது. கத்தி அரிவாளுக்கு அடங்காத கள்ளிப் புதர்கள் சில வருஷத்தில் அதற்கு அடங்கின.

ஆஸ்திரேலியாவிலும் கள்ளி இதே அட்டூழியம்தான் செய்தது. அதை ஒழித்த காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியின் பெயரில், குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பூனார்கா என்ற ஊர்க்காரர்கள் 1936இல் ஒரு மண்டபமே கட்டினார்கள். பூச்சிக்கு மண்டபம்! நம்முடைய பூச்சிக்கு ஒரு தெருப்பெயர்கூடக் கிடையாது.

இதற்கிடையில் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939இல் டிடிடி பூச்சியைக் கொல்வதைக் கண்டுபிடித்தார். 1948இல் அதற்கு நோபல் பரிசு, அதுவும் மருத்துவத்துக்கு. நாமும் விஷத்துக்கு மருந்து என்றே பெயர் வைத்தோம். எந்த ஊர்க் கடையிலும் கேட்கலாம்:

“அண்ணே, பயிர்ல பூச்சி விழுந்திருக்கு.”

“என்ன பூச்சி?”

“அதைப் போய் யாரு பாத்தா? நல்லா கேக்குற மருந்தா ஒண்ணு குடுங்க.”

மருந்து கேட்டது. யாரைக் கேட்டது என்பதுதான் கேள்வி. புகையானை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் தூரடியில் தண்ணீருக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும். வயல் வட்டம் வட்டமாகத் தீய்ந்து, புகை பிடித்ததுபோல் ஆகும். அதன் முட்டை இலையுறைக்குள்ளே பத்திரமாக இருக்கும். தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு மேலே மருந்து அடித்தால் முதலில் சாவது, புகையானைத் தின்ன வெளியே ரோந்து போகும் சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும். பிறகு முட்டை பொரித்துக் குஞ்சுகள் வெளியே வந்து பார்த்தால் ஸ்டேஷனில் ஒரு போலீஸ்கூட இல்லை. அப்புறம் என்ன, திருவிழாதான். அடிக்க அடிக்கப் பெருகும். இந்தோனேசியா இதில் பட்டுப் பட்டு, 1986இல் நெல்லுக்கு 57 வகை மருந்தை ஒரே ஆணையில் தடை செய்தது.

நம் வயலில் புகையானுக்கு வைத்தியம் தெரியாமலா இருந்தது? தண்ணீரைத் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடு, எட்டடிக்கு ஓரடி பட்டம் விட்டு நடு, யூரியாவைக் கைநிறைய வீசாதே. காற்றும் வெயிலும் தூரடியில் இறங்கினால் பாதிப் புகையான் குடிபெயர்ந்துவிடும். இதற்கு ரசீது போட முடியாது. ஆகவே கடையில் இதைச் சொல்வதில்லை.

2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் அடுத்த விருந்தாளி: பப்பாளி மாவுப்பூச்சி. பூர்வீகம் மெக்சிகோ, கோச்சினியலுக்குத் தூரத்துச் சொந்தம், அதே வெள்ளைப் பஞ்சுப் போர்வை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டது. மருந்து அடித்தால் மெழுகுப் போர்வையில் உருண்டு ஓடும், நனைவது நம் சட்டைதான். கடைசியில் 2010இல் அமெரிக்க வேளாண் துறை மூலமாக, போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் பெங்களூருக்கு வந்தன. முக்கியமானதன் பெயர் அசிரோபேகஸ் பப்பாயே. உடம்பு ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிடும், குஞ்சு அதை உள்ளிருந்தே தின்று ஓடாக்கிவிட்டு வெளியே வரும். தோட்டங்களில் விட்ட சில மாதங்களில் பப்பாளி மறுபடி பச்சை பிடித்தது. டீசல் வேண்டாம், சம்பளம் வேண்டாம், சாயங்கால டீகூட வேண்டாம்.

இதையெல்லாம் சேர்த்துக் கட்டித்தான் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்று வாய் வலிக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். விளக்குப்பொறி, பறவைத் தாங்கி, வேப்பங்கொட்டைக் கரைசல் எல்லாம் அதில் உண்டு. மருந்தும் உண்டு, ஆனால் பந்தியில் கடைசி வரிசையில். முதல் விதி என்னவோ அந்தக் கடைக்காரர் கேட்ட கேள்விதான்: என்ன பூச்சி?

மணப்பாறைச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்க்காமல், சுழியைத் தடவாமல், நடக்கவிட்டுப் பார்க்காமல் ஒருவரும் மாடு வாங்க மாட்டார். உழுகிற மாட்டுக்கு இத்தனை பரிசோதனை. ராத்திரி பகலாக வயலில் சம்பளமில்லாமல் உழைக்கிறவனை மட்டும் முகம்கூடப் பார்க்காமல் மருந்தடித்துக் கொன்றுவிடுகிறோம். பாவம், அவனுக்குப் பாட்டு எழுத மருதகாசி கிடைக்கவில்லை.