வேங்கடத்து மருத்துவச் சொல்லதிகாரம்

தமிழுக்கு வடக்கெல்லை வேங்கடம் என்று தொல்காப்பியப் பாயிரத்தில் பனம்பாரனார் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மலையடிவாரத்தில் ரூயா, ஸ்விம்ஸ் என்று ஆஸ்பத்திரிகள் எழும்பும், சித்தூர்த் தமிழர்கள் அங்கே சீட்டு வாங்கி உட்கார்ந்திருப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் எச்சவியலில் சொற்களை நான்காகப் பிரித்துவைத்த தொல்காப்பியர் ஓ.பி. வரிசைக்கும் உதவுகிறார்.

இயற்சொல்: காய்ச்சல், ஊசி, மாத்திரை, கட்டு. உரை வேண்டாம். பி.பி., சுகர் இரண்டையும் இதிலேயே சேர்த்துவிடலாம். எங்கள் பக்கத்துப் பாட்டிகள் "சுகர் வந்திருக்கு" என்பதை விருந்தாளி வந்த தோரணையில்தான் சொல்கிறார்கள்.

திரிசொல் இரு வகை. ஒரு பொருளுக்குப் பல சொல்: பி.டி., பி.ஐ.டி., 1-0-1 மூன்றும் இருவேளைதான். ஒரு சொல்லுக்குப் பல பொருள்: ஓ.டி. மாத்திரைச் சீட்டில் நாளைக்கு ஒரு வேளை, கண்ணாடிச் சீட்டில் வலது கண். தமிழில் எழுதினால் ஆபரேஷன் தியேட்டரும் அதே ஓ.டி.தான், உரையாசிரியர் கவனிக்க.

வடசொல் இங்கே சமஸ்கிருதத்தையும் தாண்டி லத்தீனுக்குப் போய்விடுகிறது. எஸ்.ஓ.எஸ். என்றால் கப்பல் மூழ்கவில்லை. 'சி ஓபஸ் சிட்', தேவைப்பட்டால் போட்டுக்கொள் என்று பொருள். சீட்டிலேயே பரமசாது அதுதான். என்.பி.ஓ. அப்படியல்ல. 'நில் பெர் ஓஸ்', வாய்வழியாக எதுவும் கூடாது. முதற்சொல்லைத் தமிழாகவே கொண்டாலும் பிழையில்லை. ஏகாதசிக்குப் பாலும் பழமும் உண்டு, இதற்குக் கிடையாது. மயக்க மருந்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும், வயிற்றிலிருப்பது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கலாம். அதனால்தான் பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் என்று கணக்கு. "ஒரு வாய் காபிதானே" என்பவர்களை நினைத்தே விதி கடுமையாயிற்று என்பது என் துணிபு.

திசைச்சொல்லைக் கடைசிக்குத் தள்ளினேன், அதுதான் ஆளைக் கவிழ்ப்பது. நெஞ்சில் 'மண்ட' என்று தெலுங்கில் சொன்னால் எரிச்சல். மண்டைக்கும் அதற்கும் உறவில்லை. 'கடுப்பு நொப்பி' வயிற்று வலி, கோபம் அல்ல. காலில் 'திம்மிரி' என்றால் மரத்துப்போயிருக்கிறது. கால் நம்மை மதிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டாலும் பொருள் ஏறக்குறைய வந்துவிடுகிறது. ஆயாசம் வேறு ரகம். நமக்கு அது அசதி, அவர்களுக்கு மூச்சிரைப்பு. 1911-ல் சித்தூரைத் தனி மாவட்டமாக்கினார்கள், 1960-ல் திருத்தணியைச் சென்னை மாநிலத்தோடு சேர்த்தார்கள், 2022-ல் திருப்பதியையும் பிரித்தார்கள். ஆயாசத்துக்கு மட்டும் யாரும் எல்லைக்கல் நடவில்லை.

முழங்கால் வலிக்காக அத்தையைத் திருப்பதிக்கு அழைத்துப் போயிருந்தேன். வரிசையில் நின்று நின்று முகம் வாடி, சுவரில் சாய்ந்துவிட்டாள். சிஸ்டர் ஓடி வந்தார்.

"அவ்வா, ஆயாசமா?"

"ஆயாசமாத்தான் இருக்கும்மா."

அவ்வளவுதான். சக்கர நாற்காலி வந்தது, ஆக்சிஜன் சிலிண்டர் உருண்டு வந்தது, அத்தையின் ஆள்காட்டி விரலில் கிளிப்பை மாட்டினார்கள். மருதாணி ஏறிய நகத்தை அதற்குப் பிடிக்கவில்லை போலும், விரல் மாற்றினார்கள். 98 காட்டியது.

"98 உந்தி. ஆயாசம் லேதவ்வா."

அத்தைக்கு ரோஷம் வந்துவிட்டது. "இல்லைன்னு நீ எப்படிம்மா சொல்லுவ? காலையில ஆறு மணியிலேர்ந்து நிக்கறது நான்!"