முயலுக்கு இரண்டே சிறகு

நண்பர்கள் கூடிப் பேசும் பேச்சு எங்கே தொடங்கினாலும் சற்று நேரத்தில் உணவுக்கு வந்து சேரும் என்பதும், உணவுக்கு வந்த பேச்சு 'அதைச் சாப்பிடலாமா, கூடாதா' என்ற சமய விசாரணையில் போய் நிற்கும் என்பதும் அரட்டை இலக்கணத்தின் மாறாத இரண்டு விதிகள். காளான் சைவமா, முட்டை எந்தக் கணக்கில் சேரும், மீன் எண்ணெய் மாத்திரையைப் புரட்டாசியில் விழுங்கலாமா என்னும் வினாக்களுக்கு முடிவான விடை கண்டவர் எந்த நண்பர் குழாத்திலும் இல்லை. விடை தெரியாது என்று ஒப்புக்கொண்டவரும் இல்லை. ஆயினும் இவற்றை வெட்டிப் பேச்சென்று தள்ளிவிட முடியாது. ஆயர்களும் பேரரசர்களும் திருத்தந்தையரும் இதே வகை வினாக்களை, இதைவிடக் கடுகடுத்த முகத்தோடு, நூற்றாண்டுக் கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சிகளை ஒப்புநோக்குவோர்க்கு ஒரு பொது உண்மை புலப்படும்: நாக்குக்கும் நோன்புக்கும் வழக்கு மூளும்போது மனிதர் நோன்பையும் முறிப்பதில்லை, நாக்கையும் அடக்குவதில்லை; நடுவில் அகப்பட்ட விலங்கின் பெயரை மாற்றிவிடுகிறார்கள்.

இதற்கு முதற்சான்று கத்தோலிக்கரின் தவக்காலம். உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பாகிய இக்காலத்தில் இறைச்சி விலக்கு, மீனுக்கோ தடையில்லை என்பது பழைய மரபு. எனவே மீன் என்பது யாது என்ற வினா விலங்கியலாரிடமிருந்து சமையற்கட்டுக்கு இடம் பெயர்ந்தது. வெனிசுவேலாவின் புல்வெளிகளில் வாழும் கேப்பிபாரா, எலியும் அணிலும் அடங்கிய கொறிவிலங்கு இனத்திலேயே உருவில் பெரியது; ஐம்பது கிலோ எடையை எளிதில் எட்டக்கூடியது; நான்கு காலும் உடல் நிறைய மயிரும் உடையது. ஆனால் அது நீரில் நன்றாக நீந்தும், விரலிடையில் சிறு சவ்வும் உண்டு என்பதால், மீனுக்குரிய தகுதி அதற்குப் போதுமான அளவு இருப்பதாகக் கொள்ளப்பட்டு, இன்றும் அந்நாட்டில் புனித வாரத்து உணவாக அது விளங்குகிறது. கனடாவில் 17ஆம் நூற்றாண்டில் கியூபெக் ஆயரின் காலத்தில், மரத்தைக் கொறித்து அணை கட்டும் பீவர் என்னும் விலங்குக்கும் இதே பதவி கிடைத்தது. அதன் வாலில் செதில் போன்ற தோல் இருப்பது அதற்குச் சாதகமான சாட்சியம். மீன் வேடம் போட முழு உடலும் தேவையில்லை, வால் மட்டும் ஒத்துழைத்தால் போதும் என்பது இதனால் பெறப்படுகிறது.

இவ்வரிசையில் மிகவும் சிந்தித்துச் செய்யப்பட்ட பெயர்மாற்றம் ஒரு வாத்தினுடையது. பனிக்காலத்தில் அயர்லாந்துக் கரைக்கு வந்து செல்லும் ஒருவகைக் காட்டு வாத்து வடதுருவப் பகுதியில் முட்டையிடுவதால், அதன் கூட்டையோ குஞ்சையோ அங்கிருந்தவர்கள் கண்டதில்லை. அதே கரையில் ஒதுங்கும் மிதவைக் கட்டைகளில், கழுத்துப் போன்ற காம்பும் அலகு போன்ற ஓடும் உடைய கொட்டலசு என்னும் கடலுயிர் ஒட்டிக்கொண்டிருந்தது. கூடு காணாத வாத்தையும் அலகுடைய ஓட்டையும் இணைத்துப் பார்த்தவர்கள், வாத்து கட்டையில் காய்க்கிறது என்ற முடிவுக்கு வந்தார்கள். வேல்சு நாட்டு ஜெரால்ட் என்னும் குருவானவர், 1188ஆம் ஆண்டையொட்டி அயர்லாந்தைப் பற்றி எழுதிய நூலில், இவ்வாறு தொங்கும் உயிர்கள் ஆயிரத்துக்கு மேல் ஒரே கட்டையில் இருக்கத் தாமே கண்டதாகவும், ஊனிலிருந்து பிறவாத இந்த வாத்தை அங்குள்ள துறவியர் நோன்பு நாளில் கூசாமல் உண்பதாகவும் குறிப்பிடுகிறார். திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் 1215இல் இதற்குத் தடை விதித்ததாக நூல்கள் கூறுகின்றன. பருந்து வேட்டையில் வல்லவரான பேரரசர் இரண்டாம் பிரெடரிக் ஒருபடி மேலே சென்று, அக்கட்டைகளை வரவழைத்துச் சோதித்து, ஓட்டுக்குள் பறவை எதுவும் இல்லை என்றும், வாத்துகள் ஆளில்லாத தொலைவில் கூடு கட்டுவதாலேயே இக்கதை பிறந்திருக்க வேண்டும் என்றும் எழுதினார். அறிவியல் வென்றது, ஆனால் 1758இல் உயிர்களுக்கெல்லாம் முறையாகப் பெயரிட்ட லின்னேயஸ், அந்தக் கொட்டலசுக்கு 'வாத்தைச் சுமப்பது' என்னும் பொருளுடைய பெயரையே பதிவு செய்தார். வதந்தி பொய்த்தாலும் வாத்து பதிவேட்டில் தங்கிவிட்டது.

விலங்கின் பெயரை மாற்ற வழியில்லாதவர் விலங்கையே மறைத்துவிடுவதும் உண்டு. தெற்கு ஜெர்மனியின் சுவேபியப் பகுதியில், அரைத்த இறைச்சியையும் கீரையையும் மாவுத் தகட்டுக்குள் பொதிந்து வேகவைக்கும் மௌல்டாஷன் என்னும் பண்டம் உண்டு. தோற்றத்தில் நம் கொழுக்கட்டையின் தூரத்து உறவு எனலாம். மௌல்பிரான் மடத்துத் துறவியர் தவக்காலத்தில் கடவுளின் கண்ணில் படாதபடி இறைச்சியை மாவுக்குள் ஒளித்ததால் இது பிறந்தது என்பது ஊர் வழக்கு. 'கடவுளை ஏய்க்கும் குட்டி' என்பது அதன் செல்லப் பெயர். எல்லாம் அறிந்த இறைவனின் பார்வை அரை விரற்கடை மாவில் தடைபட்டுவிடும் என்னும் இக்கொள்கை இறையியல் நூல்களில் இடம்பெறவில்லை. எனினும் ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இதற்குப் புவிசார் குறியீடு வழங்கியதால், ஏய்க்கும் உரிமையும் அவ்வட்டாரத்துக்கே உரியதாயிற்று.

இக்கலையில் கவிதை சேர்த்தவர்கள் ஜப்பானியர். 675ஆம் ஆண்டில் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை விலக்கி ஆணையிட்டார். பின்னர் பௌத்தச் செல்வாக்கால் நாற்கால் விலங்குகளை உண்பதே பொதுவாக இழிவெனக் கருதப்பட்டது. இதன் விளைவாகக் காட்டுப்பன்றி 'மலைத் திமிங்கிலம்' ஆயிற்று. திமிங்கிலம் அன்று மீனாகவே எண்ணப்பட்டதால், மலையேறிய மீனுக்கு யாரும் தடை சொல்ல முடியவில்லை. 1858இல் ஹிரோஷிகே வரைந்த பனிக்கால எடோ நகரக் காட்சி ஒன்றில், இப்பெயர் எழுதிய கடைப்பலகை பெரிதாகவே தெரிகிறது. குதிரை இறைச்சி செர்ரிப் பூவாகவும், மானிறைச்சி மேப்பிள் இலையாகவும் மலர்ந்தன. முயலின் நிலை இன்னும் விந்தையானது. ஜப்பானிய மொழியில் பொருள்களை எண்ணும்போது அவற்றின் வகைக்கேற்ற எண்ணளவைச் சொல் சேர்க்கப்படும். முயலுக்கோ பறவைகளுக்குரிய, சிறகைக் குறிக்கும் சொல் வழங்குகிறது. அதன் நீண்ட காதுகளைச் சிறகெனக் கொண்டு, நாற்கால் விலக்கிலிருந்து அதை விடுவித்தனர் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவன் தமிழரிடையே பிடிவாதத்துக்கு எடுத்துக்காட்டு. காலைக் குறைத்தவன் சிறகைக் கூட்டும் அளவுக்குச் சிந்திக்கவில்லை.

இந்தியாவும் இத்துறையில் பின்தங்கியதன்று. வங்காளத்தில் காளிபூசையன்று படைக்கப்படும் ஆட்டிறைச்சியை வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் சமைப்பது மரபு. அவ்விரண்டும் நீங்கியதால் அதற்கு வழங்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் 'ஊனில்லா ஊன்' என்று பொருள்படும். குற்றம் முழுவதும் வெங்காயத்தின் மேல் விழ, ஆடு விடுதலை பெறுகிறது. அந்த விடுதலையால் ஆட்டுக்குப் பயன் எதுவும் விளைவதில்லை.

தமிழில் இதற்கான சான்றுகள் சொற்களிலேயே படிந்துள்ளன. 'சைவம்' சிவநெறியின் பெயர்; அதுவே ஊனில்லா உணவின் பெயராகவும் ஆகிவிட்டதால், நெற்றி நிறையத் திருமண் இட்ட வைணவரும் உணவகத்தில் 'சைவச் சாப்பாடு' கேட்டாக வேண்டியுள்ளது. ஆனால் அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவரான கண்ணப்பர், பன்றி இறைச்சியைப் பதம் பார்த்துச் சுவையானதை மட்டும் சிவனுக்கு ஊட்டியவர். இன்றைய வழக்குப்படி பார்த்தால் சைவத்தின் பெரும் அடியார் சிவனுக்குப் படைத்தது அசைவம். 'பலகாரம்' இதைவிடச் சுவையான வழக்கு. பழத்தைக் குறிக்கும் 'பலம்', உணவைக் குறிக்கும் 'ஆகாரம்' என்னும் வடசொற்களிலிருந்து வந்த இச்சொல், விரத நாளில் சோற்றை ஒதுக்கிப் பழம் மட்டும் உண்பதைக் குறித்தது. அடுப்பங்கரையின் வழியே அது பயணம் செய்து, அடையாகவும் உப்புமாவாகவும் வடையாகவும் வளர்ந்தபின், ஏகாதசியன்று சோறு உண்ணாமல் வருந்துவோர் முன் ஒரு சிற்றுண்டிச் சாலையே விரிந்தது. பெயர் மட்டும் இன்னும் பழமாகவே இருக்கிறது.

பெயரால் மட்டும் எங்கும் நுழைந்துவிட முடியாது என்பதற்கு மிளகாய் சான்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் வழியே வந்த அது, மிளகின் பெயரைத் தன் பெயருக்குள் வைத்துக்கொண்டு தமிழர் சமையலை முழுவதும் கைப்பற்றியது. ஆனால் முன்னோர்க்குத் திவசம் கொடுக்கும் நாளில் பல வீடுகளில் அதற்கு அனுமதி இல்லை. அன்றைக்குக் காரம் மிளகினுடையதே. வாழ்நாள் முழுவதும் மிளகாய் பஜ்ஜிக்கு உயிரை விட்டவரும், உயிரை விட்டபின் மிளகுக் குழம்பில்தான் திருப்தி அடைய வேண்டும்.

இவற்றையெல்லாம் போலித்தனம் என்று நகைப்பது எளிது. ஆனால் விதியைப் பொருட்படுத்தாதவன் முயலை முயலென்றே சொல்லித் தின்றுவிட்டுப் போவான். அதற்குச் சிறகு தேடும் வேலை, விதிக்கு அஞ்சுகிறவனுக்கு மட்டுமே உண்டு. இறைச்சியை மாவில் ஒளித்த துறவியும், தன்னை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை ஒரு கணமும் மறவாதவரே. எனவே நள்ளிரவு தாண்டியும் நண்பர்கள் மீன் எண்ணெய் மாத்திரையைப் பற்றி வாதிடுகிறார்கள் என்றால், அக்குழாத்தில் பக்தி இன்னும் வற்றவில்லை என்றே கொள்ளவேண்டும். முடிவில் யாரேனும் ஒருவர் அது மீனே இல்லை, மருந்து என்பார். மருந்துக்கு விரதம் கிடையாது என்று மற்றவர் ஆமோதிப்பார்கள். மாத்திரை உள்ளே போகும். புரட்டாசியும் பழுதின்றி நிறைவேறும்.