அடுத்த வீட்டுக் காதும் ஆர்மோனியமும்: மட்டாஞ்சேரியை முன்வைத்து ஓர் ஆய்வு

புதிதாக இசை கற்க விரும்புபவருக்கு எளிய வாத்தியம் எது என்னும் கேள்வி நெடுங்காலமாகத் தவறான ஆட்களிடமே கேட்கப்பட்டு வந்திருக்கிறது. கற்பவரைக் கேட்டால் விரல் வலியைச் சொல்வார். ஆசிரியர் தமக்குத் தெரிந்த வாத்தியத்தைச் சொல்வார். கடைக்காரர் விற்காமல் நிற்பதைக் காட்டுவார். இம்மூவரையும்விட அதிக நேரம் அந்தச் சாதகத்தைக் கேட்கப்போகிறவர் பக்கத்து வீட்டுக்காரர். அவரிடம் யாரும் வாய் திறந்து கேட்டதில்லை.

குறை பழையது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியன் தொடங்கி யாழாசிரியன் வரை ஒவ்வொருவருக்கும் இலக்கணம் சொல்கிறது. மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டு வயதில் அரங்கேறிய கணக்கும் அங்கே இருக்கிறது. அந்த ஏழாண்டும் அடுத்த வீட்டில் குடியிருந்தவரின் நிலை என்ன? இளங்கோவடிகள் அவரைக் கண்டுகொள்ளவில்லை. உரைகாரர்களும் விட்டுவிட்டார்கள். எனவே இத்துறைக்கு முதல் நூற்பாவை இக்கட்டுரையாளரே இயற்ற வேண்டியதாயிற்று:

கற்போன் கைக்கெளி தெளிதென மொழியார்;
அடுத்தோன் காதுக் கெளிதே எளிது.

பொருள் வெளிப்படை.

ஆய்வுக் களமாகக் கொச்சியின் மட்டாஞ்சேரியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இங்கே வீடும் வீடும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. நடக்கும் தொலைவுக்குள் கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, மலையாளம் எல்லாம் பேசப்படுகின்றன. ஃபோர்ட் கொச்சிப் பக்கம் தோபி கானாவுக்குப் போனால் தமிழும் கேட்கும். ஓர் அபஸ்வரம் புறப்பட்டால் அதற்கு வரும் வசவு எத்தனை மொழியில் வரும் என்று சொல்ல முடியாது. இதைவிடக் கடுமையான சோதனைச்சாலை இந்தியாவில் கிடைப்பது அரிது.

தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று முன்னோர் வாத்தியங்களைச் செய்பொருளால் பிரித்தார்கள். நாம் படுபவரால் பிரிப்போம்.

முதலில் வயலின். 1834இல் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தஞ்சை வடிவேலுவுக்குத் தந்தத்தில் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார் என்பது வரலாறு. அது வடிவேலு தேர்ந்த பிறகு நடந்தது. பயிலும்போது யாரும் எதுவும் கொடுத்ததாகச் செய்தி இல்லை. வீணையில் 24 மெட்டுகள் விரலுக்கு வழி காட்டும். வயலினில் மெட்டே கிடையாது. ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் விரல் இறங்கலாம், தொடக்கத்தில் அங்கேதான் இறங்கும். போதாக்குறைக்கு முதல் நாளிலிருந்தே சத்தம் வந்துவிடுகிறது. மட்டாஞ்சேரி எல்லைக்குள் இதற்கு அனுமதி இல்லை.

புல்லாங்குழல் இதற்கு நேர் எதிர். தொடக்கத்தில் காற்று மட்டுமே வரும். வாசிப்பவருக்குத் தலைசுற்றும், அண்டை வீட்டாருக்கு ஒன்றும் நேராது. கற்றுக்கொள்ளாத வரை இதுவே உத்தமமான வாத்தியம். சிக்கல் ஒலி பிறந்த பிறகுதான் ஆரம்பம். கிதார் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எஃகுக் கம்பி விரல் நுனியை அறுத்ததும் அது சுவரில் ஆணி தேடிப் போய்விடும்.

செண்டையைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். ஆராய்ந்தால் அது நற்பண்புடைய வாத்தியம். கேரளத்து ஆசான்கள் சீடனிடம் எடுத்த எடுப்பில் செண்டையைத் தருவதில்லை. புளியங்கொம்பைக் கையில் கொடுத்துக் கல்லிலோ மரத்துண்டிலோ நாட்கணக்கில் அடிக்க வைக்கிறார்கள். மணிக்கட்டு பழகுவதற்காக என்று ஆசான்கள் சொல்வார்கள். அண்டை வீட்டைக் காக்க ஏற்பட்ட அறம் அது என்பது என் துணிபு. திருச்சூர்ப் பூரத்து இலஞ்சித்தற மேளத்தில் சுமார் 250 கலைஞர்கள் நிற்கிறார்கள். அங்கே ஒரு புதியவர் இலத்தாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றால் யாருக்குத் தெரியும் என்று ஒரு வாதம் வரலாம். தெரியும். காலத்தைக் கட்டிக் காப்பதே அந்தக் கனத்த வெண்கலத் தட்டுகள்தான். ஒன்று தப்பினால் கூட்டம் முழுதும் திரும்பிப் பார்க்கும்.

மின் தம்புராவும் பரிசீலிக்கப்பட்டது. பெங்களூரின் ராடெல் நிறுவனம் 1979 முதல் இத்துறையில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் போதும், அபஸ்வரமே வராது. ஆனால் இதைக் கற்றுக்கொண்டேன் என்று மாமியார் வீட்டில் சொல்லிக்கொள்ள முடியாது.

எஞ்சுவது ஆர்மோனியம். மட்டாஞ்சேரியில் இதன் பெருமையைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1954இல் வந்த ‘நீலக்குயில்’ படத்தில் பாடிய மெஹபூப் இந்த ஊர்க்காரர்; சினிமா ஒரு பக்கம் இருக்க, கல்யாண வீடுகளில் விடிய விடியப் பாடியவர். 2018இல் மறைந்த கஜல் பாடகர் உம்பாயியும் இவ்வூர்தான். தபலாவில் தொடங்கி ஆர்மோனியப் பெட்டிக்கு வந்து சேர்ந்தார். மெஹ்பில் என்னும் இசைக் கூடல் நடக்கும் இரவில் இங்கே அண்டை வீட்டார் வசை பாடுவதில்லை. பாயை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

ஆர்மோனியத்தின் எளிமைக்குக் காரணம் ஐரோப்பாவில் தொடங்குகிறது. 1840களில் பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் செய்த பெட்டிக்குக் காலால் மிதிக்கும் துருத்தி. நாற்காலியில் உட்காராத நம்மவருக்கு அது ஒத்துவரவில்லை. கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் துருத்தியைப் பின்பக்கம் வைத்து இடக்கைக்கு வேலை கொடுத்தார்; பெட்டி தரைக்கு இறங்கியது. உள்ளே பித்தளை நாக்குகள். சுருதி சேர்ப்பதைச் செய்தவரே முடித்துக் கொடுத்துவிடுகிறார். ஸ்தாயிக்குப் பன்னிரண்டு கட்டை, அவ்வளவுதான். இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை வைக்க இடமே கிடையாது.

இங்கேதான் இவ்வாய்வின் மையம் இருக்கிறது. ஆர்மோனியத்தில் தவறு செய்யலாம், அபஸ்வரம் செய்ய முடியாது. காந்தாரத்துக்குப் பதில் மத்தியமத்தை அழுத்தினாலும் அது சுத்தமான மத்தியமம். சுவருக்கு அப்பால் இருப்பவர் ஏதோ அபூர்வ ராகம் என்று நினைத்துக்கொள்வார். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை ஒரு மாதம் போனால், அந்த வீட்டுக் குழந்தை கட்டணமில்லாமல் அதைக் கற்றுக்கொண்டிருக்கும்.

இந்தக் குணத்துக்காகவே அரசு அதைத் தண்டித்தது. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை விதித்தது. கமகம் பேசாது, சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்லாது, நம் நுண்சுருதிகள் அதில் இல்லை என்பது குற்றச்சாட்டு. தாகூரும் தடைக்கு ஆதரவாக நின்றார். 1971 வரை தடை நீடித்தது. குற்றச்சாட்டு முழுக்க உண்மை. தேர்ந்த வித்வானுக்குக் குறையாகத் தெரிந்த அதே விஷயம் கற்றுக்குட்டிக்குக் கவசம். வழுக்க முடியாத வாத்தியத்தில் வழுக்கி விழவும் முடியாது. ஆனால் முப்பத்தோராண்டு விவாதத்தில் அடுத்த வீட்டுக்காரர் தரப்பில் ஒருவரும் வாதாடவில்லை.

ஆகவே முடிபு: தொடங்குபவர் ஆர்மோனியம் வாங்கலாம். பழையதே போதும், துருத்தியில் காற்று ஒழுகுகிறதா, எல்லாக் கட்டையும் எழும்புகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கப் போகும்போது அடுத்த வீட்டுக்காரரையும் கடைக்குக் கூட்டிப்போங்கள். எந்தப் பெட்டி என்பதை அவர் சொல்லட்டும். விலையை மட்டும் நீங்கள் பேசுங்கள்.