கிஸ்தி கட்டாத ராஜாக்கள்

போர்ப்படம் சிபாரிசு செய்வதில் எனக்குக் குடும்பத்துக்குள் கொஞ்சம் பெயர் உண்டு. கேட்காதவர்களுக்கும் சொல்லிவிடுவேன் என்பதால் வந்த பெயர் அது. திண்டிவனத்தில் இருக்கும் மச்சினர் மகன் கல்லூரி விடுமுறையில் போன் செய்து, "மாமா, வார் படமா நாலஞ்சு சொல்லுங்க. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு காலத்துச் சண்டையா இருக்கணும்" என்றான். "போச்சு, இன்னைக்கு சார்ஜ் தீர்ற வரைக்கும் வைக்கமாட்டார்" என்றாள் என் மனைவி, அவனுக்கும் கேட்கிற மாதிரி.

முதலில் 'ட்ராய்' (2004). பத்து வருஷம் நடந்ததாகச் சொல்லப்படும் முற்றுகையைப் படத்தில் சில வாரங்களில் முடித்துவிட்டார்கள். பிராட் பிட் கால்ஷீட் அவ்வளவுதான் போலிருக்கிறது. அடுத்து 'வாட்டர்லூ' (1970). நெப்போலியன் தோற்ற கதை. சுமார் 15,000 சோவியத் சிப்பாய்களை வயலில் இறக்கி எடுத்தார்கள். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் வராத காலம். திரையில் ஆயிரம் பேர் ஓடினால் ஆயிரம் பேர் நிஜமாகவே ஓடியிருக்கிறார்கள். முதல் உலகப்போருக்கு '1917'. ஒரே ஷாட்டில் எடுத்தது போல மூச்சு விடாமல் போகும். இடைவேளை விடத் தோதான இடமே இல்லை, முறுக்கு விற்பவர் பாடு திண்டாட்டம். சீனப்போர் முடிந்த மறுவருஷமே வந்த 'இரத்தத் திலகம்' (1963) படத்தையும் சொன்னேன். அதில் சிவாஜி ஒத்தெல்லோ வேஷமும் கட்டுவார். ஒரே டிக்கெட்டில் ஷேக்ஸ்பியரும் சீனாக்காரனும். 'அமரன்' (2024) என்று ஆரம்பித்ததுமே "அதை ரெண்டு தடவை பாத்துட்டேன் மாமா" என்று வெட்டிவிட்டான்.

"தமிழ்ல ராஜா காலத்துச் சண்டை?"

'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) இருக்கவே இருக்கிறது. போர்க்காட்சி எடுக்க ஜெய்ப்பூர் பக்கம் போனார்கள். சிவாஜிக்குக் கெய்ரோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. இதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டே வரும்போதுதான் ஒன்று உறைத்தது. ட்ராயில் சண்டை ஒரு பெண்ணுக்காக. வாட்டர்லூவில் ஐரோப்பாவுக்காக. நம் பக்கத்தில் வரி பாக்கிக்காக. கட்டபொம்மன் கதை கிஸ்தித் தகராறு. எங்கள் மாவட்டத்து ராஜாவின் கதையும் அதேதான்.

எங்கள் ராஜா, செஞ்சி தேசிங்கு. அசல் பெயர் தேஜ் சிங், வடக்கே புந்தேல்கண்டைச் சேர்ந்த ராஜபுத்திரர். அவருடைய அப்பா சொரூப் சிங் செஞ்சிக் கோட்டையை ஆண்டு, கட்ட வேண்டிய பணத்தைக் கட்டாமல் 1714-ல் கண்ணை மூடினார். கோட்டையோடு பாக்கியும் பிள்ளை தலையில் விழுந்தது. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் கணக்கை நீட்டினார். பிள்ளைக்கு வயது இருபத்திரண்டுதான். தவணை கேட்டிருக்கலாம், வட்டித் தள்ளுபடிக்கு மனுப் போட்டிருக்கலாம். எங்கள் தெருவில் வீட்டு வரிக்கு எல்லாரும் அதைத்தான் செய்கிறோம். அவர் குதிரையைப் பூட்டச் சொன்னார். நவாபின் பெரும்படைக்கு எதிரே சில நூறு பேருடன் இறங்கி, அதே வருஷம் அக்டோபரில் உயிரை விட்டார். நண்பர் மகபத்கானும் அந்தக் களத்திலேயே விழுந்தார். ராணி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாபே வைத்த பெயர்தான் ராணிப்பேட்டை என்பார்கள். வரி வசூலிக்க வந்தவர் ஒரு ஊருக்கே பெயர் வைத்துவிட்டுப் போனது இந்தக் கதையில்தான் இருக்கும்.

இதைத்தான் 1960-ல் 'ராஜா தேசிங்கு' என்று எடுத்தார்கள். எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம், ராணியாக பானுமதி. சண்டையில் இந்தப் பக்கமும் எம்.ஜி.ஆர்., அந்தப் பக்கமும் எம்.ஜி.ஆர். என்றால் ரசிகன் யாருக்கு விசிலடிப்பான்? என் தீர்ப்பு: ஜி.ராமநாதன் இசைக்காகப் பார்க்கலாம், வரலாற்றுப் பரீட்சைக்கு ஆகாது.

எனக்கு ஆதங்கமே வேறு. எடுக்காமல் விட்ட படங்கள்தான் இங்கே அதிகம். 1690-ல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். உள்ளே மராட்டிய மன்னர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-ல். நடுவில் மராட்டியர் வெளியிலிருந்து வந்து வளைத்ததில், முற்றுகை போட்டவர்களே முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார்கள். ஔரங்கசீப்பின் சொந்த மகன் காம்பக்ஷ் எதிரியோடு ரகசியம் பேசியதாக, அவரை அவர் தரப்பே பிடித்துக் காவலில் வைத்தது. கடைசியில் கோட்டையைப் பிடித்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, எப்போதோ நழுவிவிட்டார். சினிமாவுக்கு இது தாங்காது. சின்னத்திரைக்குக் கொடுத்தால் மாமியார் மருமகள் சேர்த்து ஆயிரம் எபிசோடு ஓடும்.

அந்தக் கோட்டையையே 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே ராத்திரியில் பிடித்தார். மூன்று மலை, இருட்டு, ஏணி, வெடிமருந்து. திரைக்கதை எழுத வேண்டிய சிரமம்கூட இல்லை. இரண்டு வருஷம் கழித்து அதைப் பறிக்க வந்த ஆங்கிலேய மேஜர் கின்னீர், கோட்டையைப் பார்த்ததுமே திரும்பி நடந்தார். பிரெஞ்சுக்காரர்கள் அவரை விக்கிரவாண்டியில் மடக்கி அடித்தார்கள். அதே விக்கிரவாண்டியில் இன்று சுங்கச்சாவடி இருக்கிறது. பொங்கலுக்கு முந்தின நாள் அங்கே வரிசையில் நின்று பாருங்கள், வசூலும் மோதலும் இன்னும் ஓயவில்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது மருமகன் பக்கம் சத்தமே இல்லை. "அவன் அப்பவே சாப்பிடப் போயிட்டான். படம் பேர் மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்புங்கண்ணே" என்றது அவன் அம்மா குரல்.

அனுப்பிவிட்டேன். இயக்குநர்களுக்கு ஒரு விண்ணப்பம்: போர்க்காட்சி எடுக்க ராஜஸ்தானுக்கு ரயில் ஏறாதீர்கள். திண்டிவனத்தில் இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் செஞ்சி. 2025 முதல் அது யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமும்கூட. ராஜகிரி உச்சி 800 அடி உயரம். கதாநாயகர்களை வெயில் ஏறுமுன் ஏற்றிவிடுங்கள். குரங்குகள் இருக்கின்றன, தயாரிப்புச் செலவில் வாழைப்பழத்துக்கும் ஒரு வரி ஒதுக்கிக்கொள்ளுங்கள்.