கடல் பக்கத்துச் சுவர்

திருவல்லிக்கேணியில் எங்கள் ஆயா வீட்டுக்குத் தெருவாசல் மேற்கே, கொல்லை கிழக்கே. கொல்லைக் கதவைத் திறந்தால் கடல் தெரியாது. நடுவில் நாலைந்து தெருக்கள் உண்டு. ஆனால் கோடையில் மத்தியானம் இரண்டு மணி வாக்கில் கடற்காற்று வந்து முட்டுவது அந்தக் கதவில்தான். ஆயா அதற்குள் சாப்பாட்டுக் கடையை முடித்துவிடுவார். கதவை விரியத் திறந்து, குழவிக்கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு, கூடத்துத் தரையில் மணைப்பலகையைத் தலைக்கு வைத்துப் படுப்பார். கொல்லையில் நுழைந்த காற்று கூடத்தைக் கடந்து முற்றம் வழியாக மேலேறிப் போகும். எங்கே படுத்தால் அது மேலே படும் என்று அந்த வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

அந்த வீட்டை இடித்துவிட்டு 1994-இல் எழும்பிய அடுக்குமாடிக்குப் படம் வரைந்தவள் நான். கல்லூரி முடித்து மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த அடுக்குமாடியும் உப்புக்காற்றில் கம்பி துருவேறி, கூரைப்பூச்சு பெயர்ந்து விழ ஆரம்பித்ததும், 2023-இல் அதை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவு செய்தார்கள். மின்சாரம் குறைவாகச் செலவாகும் கட்டடமாக இருக்க வேண்டும் என்று குடியிருப்போர் கேட்டார்கள். என்னைத்தான் கூப்பிட்டார்கள். முப்பது வருஷம் முன்பு அந்த மனையிலிருந்து எதையெல்லாம் வேண்டாம் என்று எடுத்துப் போட்டேனோ, அதையெல்லாம் கணக்குப் போட்டுத் திரும்பக் கொண்டுவருவதுதான் இப்போது எனக்குச் சம்பளம் தரும் வேலை.

ஆயா வீட்டுக் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் சாய்வாகக் குத்தி நிறுத்துவார்கள். அதற்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். கடைசியில் தட்டோடு. ஐப்பசி மழைக்கு முன்னால் ஓட்டு இடுக்குகளில் சுண்ணாம்பு அடைக்க வருஷா வருஷம் ஒரு மேஸ்திரி வருவார். நான் கட்டடம் படிக்கப் போனதற்கே அவர் பின்னால் மொட்டைமாடியில் சுற்றியதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆயா காலமான பின் பங்காளிகள் கூடிப் பேசி, பக்கத்து இரண்டு வீடுகளையும் சேர்த்து, ஏறக்குறைய இரண்டரை கிரவுண்டு மனையை ஒரு பில்டரிடம் கொடுத்தார்கள். ஸ்டில்ட்டும் அதன்மேல் மூன்று மாடியும், மொத்தம் பன்னிரண்டு பிளாட். நான் அந்த பில்டரிடம்தான் வேலை பார்த்தேன். படத்தை என் மேசைக்கே அனுப்பினார்கள்.

அன்று நான் வரைந்ததை இப்போது எடுத்துப் பார்க்கும்போது ஒவ்வொரு கோடும் எதற்கு என்று ஞாபகம் வருகிறது. ஹாலும் பால்கனியும் தெருவைப் பார்க்க வேண்டும் என்றார்கள், தெரு மேற்கே. கட்டடத்தின் முகம் நேர்கோடாகத் தெரிய வேண்டும் என்பதால் இரண்டடி சன்ஷேடு ஒன்றரையாகி, முன்பக்கத்தில் இல்லாமலே போனது. ஆயா வீட்டுச் சன்னல்களில் சாய்க்கிற மரப்பட்டைகள் இருந்தன. வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் விடும். அவற்றுக்குப் பதில் அலுமினிய ஸ்லைடிங் வந்தது. வாஸ்துப்படி அடுப்படி அக்னி மூலைக்கு, அதாவது தென்கிழக்குக்குப் போனது. சென்னையில் கடற்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்துதான் வருகிறது. பெரிய படுக்கையறை கன்னி மூலைக்கு, தென்மேற்குக்கு வந்தது. மத்தியானம் முதல் அஸ்தமனம் வரை வெயிலை வாங்கும் மூலை அது. கிழக்கு 'பின்பக்கம்' என்பதால் குழாய்களெல்லாம் அங்கே போயின. காற்று வரும் சுவர் முழுக்கக் குளியலறைகள்.

முற்றமும் இருந்தது. படத்தில் அதன் பெயர் ஓ.டி.எஸ்., 'ஓபன் டு ஸ்கை'. நாலடிக்கு ஆறடி. கழிவுக்குழாய்கள் இறங்குவதற்காக.

அடித்தளம் போடும் சமயம் அந்தப் பழைய மேஸ்திரி ஒருநாள் பார்க்க வந்தார். படத்தை விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "பாப்பா, காத்து வர்ற பக்கம் கக்கூஸ வெச்சிட்டியே. நாத்தத்த வூட்டுக்குள்ளதானே தள்ளும்?" என்றார். எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கப் போகிறோம் என்றேன். "மேக்கால செவுத்துல மாடிப்படி, அலமாரி எதையாவது வெய்யி. வெயில் அதோட நிக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவர் சொன்னது வெப்பத்துக்கும் வாழும் அறைக்கும் நடுவே ஓர் இடைவெளி. இப்போது எந்தப் பயிலரங்கிலும் முதல் அரைமணியில் சொல்லித்தரும் பாடம் அது. நான் அன்று கேட்கவில்லை.

2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அன்று இரவு ஒன்பது மணிக்கு அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை என்னை வரச் சொன்னார். பேச்சு எதுவும் இல்லை. தென்மேற்குப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய், என் கையைப் பிடித்து மேற்குச் சுவரில் வைத்தார். இட்லிப் பானை மூடியைத் தொட்டதுபோல் இருந்தது. வெளியே இருட்டி இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. "கட்டிலை ஹாலுக்குக் கொண்டுபோயிட்டேம்மா. ஹாலும் சுடுது" என்றார்.

செங்கல் சுவர் வெப்பத்தை உடனே உள்ளே விடுவதில்லை. ஒன்பது அங்குலச் சுவர் மத்தியானம் வாங்கியதை ஆறேழு மணி நேரம் கழித்து உள்ளே இறக்கும். ஆக, தூங்கப் போகும் நேரத்துக்குச் சரியாகச் சூடு வந்து சேரும் அறையை நான் வரைந்து கொடுத்திருக்கிறேன். ஏ.சி. போட்டால் அது குளிர்விப்பது அறைக்காற்றை மட்டுமல்ல, அந்தச் சுவரையும்தான். அடுத்த சில வருஷங்களில் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் ஏ.சி. வைத்தார்கள். வெளியூனிட்டுகளை மாட்ட வேறு இடமில்லை, ஓ.டி.எஸ்.ஸில் மாட்டினார்கள். அதன் பிறகு அந்தப் பக்கம் சன்னலைத் திறந்தவர்களுக்கு அடுத்த வீட்டு அறையின் சூடு வந்தது. எல்லாரும் சாத்திவிட்டார்கள்.

அந்தச் சுவரில் கை வைத்ததற்குப் பிறகுதான் நான் உண்மையில் படிக்க ஆரம்பித்தேன். திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் கட்டிய வீடுகளைப் போய்ப் பார்த்தேன். செங்கல்லைக் குத்துக்கல்லாக நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் 'ராட் டிராப்' சுவரில் கல்லும் கால்வாசி மிச்சம், வெப்பமும் தடைபடுகிறது. ஆரோவில்லில் 'விகாஸ்' குடியிருப்பின் படிகளில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் சிமென்ட் கலந்து அழுத்திய, சுடாத மண்கல்லால் நாலு தளம் வரை எழுப்பிய அடுக்குக் குடியிருப்பு அது. அடுக்குமாடி என்றாலே கான்கிரீட் பெட்டி என்று எனக்குள் இருந்த எண்ணம் அங்கே போயிற்று.

அளவுகோல் கைக்கு வந்தது 2018 டிசம்பரில். மத்திய எரிசக்தித் திறன் பணியகம் குடியிருப்புகளுக்காக 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதிநூலை வெளியிட்டது. 500 சதுர மீட்டருக்குக் குறையாத மனைகளுக்காக வந்தது அது. எங்கள் மனை 550-ஐத் தாண்டும். வெளிச்சுவர், சன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பத்தையெல்லாம் கூட்டினால் வெளிப்பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது என்றது. மேல்தளத்துக்குத் தனிக் கணக்கு: வெப்பம் கடக்கும் அளவான யூ மதிப்பு 1.2-க்குள் இருக்க வேண்டும் என்றது. மேலே எந்தக் காப்பும் இல்லாத கான்கிரீட் கூரைக்கு அது 3-க்கும் மேல். நம் ஊர்போல வெக்கையும் ஈரமும் சேர்ந்த இடங்களில், திறக்கக்கூடிய சன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும். இரண்டு கதவு ஸ்லைடிங் சன்னலை இந்தக் கணக்கில் பாதியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு கதவு எப்போதும் இன்னொன்றின் பின்னால்தானே நிற்கிறது. முழுதாகத் திறக்கும் கீல் சன்னலுக்குப் பத்தில் ஒன்பது பங்கு. என் பழைய கட்டடத்துக்கு முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். எந்த வரியிலும் தேறவில்லை.

புதுப் படம் போட உட்கார்ந்தபோது ஆயா வீட்டை அப்படியே அடுக்கிவைத்தால் போதும் என்றுதான் தோன்றியது. போதாது. அந்த வீடு குளிர்ச்சியாக இருந்ததற்கு அதன் சுவர் பாதிக் காரணம் என்றால், மனிதர்கள் அதற்குள் இடம் மாறிக்கொண்டே இருந்தது மீதிப் பாதி. மத்தியானம் கூடம், சாயங்காலம் திண்ணை, ராத்திரி மொட்டைமாடி. அந்தக் கனத்த சுவர்கள் இரவில் சூட்டை உள்ளே விட்டபோது உள்ளே படுக்க ஆளில்லை. அடுப்படி இருட்டும் புகையுமாக இருந்தது. ஆயா அதைவிட்டு எழுந்து வெளியே வந்து நான் பார்த்ததெல்லாம் மத்தியானத் தூக்கத்துக்கு மட்டும்தான். மூன்றாம் மாடியில் ஒரே அறையில் இரவும் பகலும் இருக்கிறவருக்கு அந்த வீட்டைக் கொடுத்துப் பயனில்லை. பிளாட்டுக்கு இரவில் சீக்கிரம் ஆறும் சுவர் வேண்டும்.

அதனால் வெளிச்சுவருக்கு 200 மி.மீ. ஏ.ஏ.சி. பிளாக் எடுத்தோம். தண்ணீரில் போட்டால் மிதக்கும் கல், உள்ளெல்லாம் காற்றுக்குமிழி. பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் யூ மதிப்பு 2-ஐ ஒட்டி இருக்கும் என்றால் இதற்கு 0.8-க்கும் கீழே. ஒரே வார்ப்பாக ஊற்றும் ஆறங்குலக் கான்கிரீட் சுவருக்கு 3.5-க்கு மேல். சீக்கிரம் முடியும் என்பதற்காக ஊரெல்லாம் இப்போது அந்தச் சுவர்தான் எழும்புகிறது என்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. மாடிப்படியும் லிஃப்டும் குளியலறைகளும் மேற்கே போயின. மேஸ்திரி சொன்ன இடம்தான். கூரையில் வெப்பக்காப்புப் பலகை, அதன்மேல் வெள்ளை ஓடு. சன்ஷேடு தெற்கில் மட்டுமல்ல, வடக்கிலும்: ஏப்ரல் கடைசி முதல் ஆகஸ்ட் நடுவரை சென்னையில் உச்சிச் சூரியன் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. மேற்கே தவிர்க்க முடியாத சன்னல்களுக்கு வெளிப்புறத்தில் சாய்க்கும் பட்டைகள். திரையை உள்ளே போட்டால் வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டிருக்கும்.

பில்டரிடம் பேசுவதுதான் கடினமாக இருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். காப்புப் பலகைக்குப் பணம் கொடுக்கிறவர் அவர். அடுத்த முப்பது வருஷம் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை பில் கட்டுகிறவர் வேறு ஆள். புதிதாக வாங்க வந்தவர்கள் தரை ஓட்டின் கம்பெனியைக் கேட்டார்கள், கார் நிறுத்துமிடத்தைக் கேட்டார்கள். சுவர் எதனால் ஆனது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஸ்லைடிங்கிலிருந்து கீல் சன்னலுக்கு மாற மட்டும் நாலு கூட்டம் ஆயிற்று. அந்த ஆசிரியை, இப்போது எண்பது தாண்டிவிட்டவர், நாலாவது கூட்டத்தில் எழுந்து 500 யூனிட்டைத் தாண்டிய தன் கோடைக்கால பில்களைக் கத்தையாக மேசையில் வைத்தார். வாஸ்துவுக்கும் அவரே வழி சொன்னார். அடுப்படி தென்கிழக்கிலேயே இருக்கட்டும், ஆனால் மூலை முழுவதையும் அடைக்க வேண்டாம் என்றார். அப்படியே செய்தோம்.

இந்த மே மாதம் இரண்டாம் தளம் போட்டு முட்டுகளைப் பிரித்துவிட்டோம். தூண்கள் மட்டும் நிற்கின்றன, சுவர் இன்னும் வரவில்லை. அறை எங்கே வரும் என்று தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டிருந்தோம். ஒருநாள் மத்தியானம் இரண்டரைக்கு நான் மேலே ஏறினபோது வேலையாட்கள் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். அவ்வளவு பெரிய தளத்தில் பதினோரு பேரும் ஒரே பட்டையில், தலையைக் கிழக்கே வைத்து நெருக்கி நெருக்கிப் படுத்திருந்தார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பையன்கள். இந்த ஊர்க் காற்று அவர்களுக்குப் புதிது. போய் நின்று பார்த்தேன். என் புடவைத் தலைப்பு எழும்பி முகத்தில் அடித்தது.

அவர்கள் படுத்திருந்த பட்டையின் குறுக்கே எங்கள் சுண்ணாம்புக்கோடு ஒன்று போயிற்று. நடுத்தர அளவு பிளாட்டின் அலமாரிச் சுவர் அது. அவர்கள் எழுந்திருக்கும் வரை காத்திருந்து, சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, கோட்டை அழித்து இரண்டடி வடக்கே தள்ளிப் போடச் சொன்னேன்.